கிரையோகுளோபுலின் 'நெகட்டிவ்' என்றால் இல்லை என்றே அர்த்தமா? கால் புள்ளி, குறைந்த சி4, சிறுநீரகம்: விவாத இழை

தகடூரான்

பனி இறங்க ஆரம்பிச்சாச்சு. தளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் விடியற்காலைக் குளிர் எப்படின்னு எல்லாருக்கும் தெரியும். பொது மருத்துவம் பார்க்கிறவங்க இந்த மாசங்கள்ல கவனிக்க வேண்டிய ஒரு கூட்டு அறிகுறிக்காக இந்த இழை. பின்னால இருக்கிற நோய் கிரையோகுளோபுலினீமியா, அதாவது குளிர்ல படியற புரதம் (கிரையோகுளோபுலின்) ரத்தத்துல சேர்றது. கணுக்காலுக்கு மேல சிவப்புப் புள்ளிகள், தடவினா கைக்குத் தட்டுப்படும், அழுத்தினாலும் மறையாது. கூடவே மூட்டுவலி, அசதி. 1966-ல மெல்ட்சரும் ஃபிராங்க்ளினும் விவரிச்ச அதே மூணு அறிகுறி. புள்ளி ஒரு வாரம், பத்து நாள்ல வாடும், ஆனா பழுப்புத் தழும்பை விட்டுட்டுத்தான் போகும். பழைய தழும்பு மேல புதுப் புள்ளி வந்திருந்தா சந்தேகம் இன்னும் வலுக்கணும்.

இங்க வழக்கமா நடக்கிற தப்பு ஒண்ணு. மூட்டுவலின்னதும் ஆர்.ஏ. ஃபேக்டர் (முடக்குவாதத்துக்குப் பார்க்கிற ரத்தப் பரிசோதனை) எழுதுவோம், அது எகிறி வரும், முடக்குவாதம்னு முடிவு பண்ணி மெத்தோட்ரெக்சேட்டும் டைக்ளோஃபெனாக்கும் எழுதிடுவோம். கலப்புக் கிரையோகுளோபுலினீமியாவுல அந்த ஆர்.ஏ. ஃபேக்டரே நோய்ப்புரதம்தான். உள்ள ஹெபடைடிஸ் சி இருந்தா மெத்தோட்ரெக்சேட் கல்லீரலைக் கெடுக்கும், டைக்ளோஃபெனாக் ஏற்கெனவே அடிவாங்கின சிறுநீரகத்தை இன்னும் தள்ளிவிடும். ஆர்.ஏ. ஃபேக்டர் கூட ஆன்டி-சிசிபி (முடக்குவாதத்தை உறுதிப்படுத்தற சோதனை), சி3, சி4 (காம்ப்ளிமென்ட்ங்கிற எதிர்ப்புப் புரதங்கள்), ஹெபடைடிஸ் பி, சி, எச்.ஐ.வி., ஒரு சிறுநீர்ப் பரிசோதனை, இத்தனையும் ஒரே தடவையில எழுதிடுங்க.

நெஃப்ரோ_கிருஷ்ணகிரி

நல்ல தொடக்கம் டாக்டர். சிறுநீரகப் பக்கத்தை நான் சொல்றேன்.

37 டிகிரிக்குக் கீழ போனா படிஞ்சு, சூடாக்கினா மறுபடி கரையற இம்யூனோகுளோபுலின்தான் (ஆன்டிபாடி, நோய் எதிர்ப்புப் புரதம்) கிரையோகுளோபுலின். புரூவே குழு 1974-ல பிரிச்ச மூணு வகையைத்தான் இன்னும் வச்சிருக்கோம். முதல் வகையில ஒரே குளோன் (ஒரே செல்லோட வாரிசுக் கூட்டம்) தர்ற புரதம் மட்டும் இருக்கும். அது மைலோமா, வால்டன்ஸ்ட்ராம் மாதிரி ரத்தப் புற்று சம்பந்தப்பட்டது, தனிக் கதை. இரண்டாம் வகையில ஒரே குளோனிலிருந்து வந்த ஐஜிஎம் (ஆன்டிபாடியில ஒரு வகுப்பு), பெரும்பாலும் கப்பா சங்கிலி உள்ளது, பல குளோன் ஐஜிஜி (இன்னொரு வகுப்பு) மேல ஒட்டிக்கிட்டிருக்கும். மூன்றாம் வகையில ரெண்டுமே பல குளோன். கலப்புன்னா இரண்டும் மூன்றும்தான். சிறுநீரகத்தைப் பெரும்பாலும் தாக்கறது இரண்டாம் வகை.

கலப்பு வகைக்குக் காரணம்னு தேடினா பத்துல எட்டு, ஒன்பது பேர்ல ஹெபடைடிஸ் சி-ன்னுதான் புத்தகங்கள் சொல்லும். அந்த வைரஸைக் கண்டுபிடிச்சதே 1989-லதான். அதுக்கு முன்னாடி இவங்க எல்லாரையும் 'காரணம் தெரியாதது'ன்னு எழுதி வச்சிருந்தாங்க. வைரஸ், ஆன்டிபாடி தயாரிக்கிற பி-செல்களை வருஷக்கணக்கா தூண்டிக்கிட்டே இருக்கும். அதுல ஒரு குளோன் ஓங்கி, ஐஜிஜியைப் பிடிக்கிற ஐஜிஎம்மைக் கொட்ட ஆரம்பிக்கும். சி இல்லைன்னு உறுதியானா அடுத்து ஹெபடைடிஸ் பி, எச்.ஐ.வி., ஷோக்ரன், லூபஸ் (ரெண்டும் எதிர்ப்புச் சக்தி உடம்பையே தாக்கற நோய்), பி-செல் லிம்ஃபோமா (நிணநீர்ப் புற்று), இதய வால்வுத் தொற்று. தொழுநோயையும் மறந்துடாதீங்க. ஷோக்ரனோட அடையாளமான வாய் வறட்சியையும் கண் உறுத்தலையும் நோயாளி தானாச் சொல்ல மாட்டாங்க, நாமதான் கேட்கணும்.

ரத்தத்துல பெரிய துப்பு சி4. சி3 சரியாவோ கொஞ்சம் குறைவாவோ இருக்கும், சி4 மட்டும் தரையைத் தொட்டிருக்கும். கீழ் எல்லை 10-னு வச்சா இவங்களுக்கு 2, 3-ன்னு வரும். தொண்டை, தோல் தொற்றுக்குப் பிறகு வர நெஃப்ரைட்டிஸ்ல (சிறுநீரக அழற்சி) இது நேர்மாறு, சி3 விழும், சி4 பெரும்பாலும் நிக்கும். இந்த ஒரு வித்தியாசத்தை வச்சே பாதி வழியைக் கடந்துடலாம்.

பாலக்கோடு_லேப்

சார், ஒரு சந்தேகம். கிரையோகுளோபுலின் எழுதி வந்தா நாங்க மஞ்சள் மூடி ஜெல் டியூப்ல 5 மி.லி. எடுத்து, மத்த சாம்பிளோட ஐஸ் பெட்டில வச்சு அனுப்பிடறோம். தொப்பூர் கணவாய் இறங்கி சேலம் போகும், இல்லன்னா ஓசூர் தாண்டி பெங்களூரு. ரிப்போர்ட் நெகட்டிவ்னுதான் வருது. எடுக்கற முறையில ஏதாவது தப்பா?

நுண்ணோக்கி

தம்பி, கேட்டதற்கு நன்றி. இந்தப் பரிசோதனையில் பெரும்பாலான பிழை ரத்தம் எடுக்கிற இடத்தில்தான் நடக்கிறது, கருவியில் அல்ல. ஐஸ் பெட்டியில் முழு ரத்தமாகப் போனால் கிரையோகுளோபுலின் வழியிலேயே படிந்துவிடும். சேலத்தில் டியூபைச் சுழற்றும்போது சிவப்பணுக்களோடும் உறைவோடும் சேர்ந்து அடியில் போய்விடும். மேலே மிஞ்சுகிற சீரத்தில் (உறைந்த பின் பிரியும் தெளிந்த திரவம்) எதுவுமே இருக்காது. அப்படி வந்த 'நெகட்டிவ்' ரிப்போர்ட் செய்யாத பரிசோதனைக்குச் சமம்.

செய்ய வேண்டிய முறை இது. மூடி சிவப்பாக உள்ள சாதாரண டியூப், 10 மி.லி. அளவில் இரண்டு. ஜெல் கூடாது, ஈ.டி.டி.ஏ., ஹெப்பாரின் போன்ற உறைவுத் தடுப்பான் எதுவும் கூடாது. ஹெப்பாரின் இருந்தால் கிரையோஃபைப்ரினோஜனும் (குளிரில் படியும் உறைவுப் புரதம்) படிந்து, இல்லாத நோயை இருக்கிறதாகக் காட்டும். டியூபையும் சிரிஞ்சையும் ரத்தம் எடுப்பதற்கு அரை மணி நேரம் முன்பே 37 டிகிரி இன்குபேட்டரில் வையுங்கள். இன்குபேட்டர் இல்லாவிட்டால் வாய் அகன்ற பிளாஸ்க், அதில் 37, 38 டிகிரி தண்ணீர், உள்ளே ஒரு தெர்மாமீட்டர். கையை விட்டுப் பார்த்து 'இளஞ்சூடு' என்று முடிவு செய்யாதீர்கள். 40-ஐத் தாண்ட விடாதீர்கள். நோயாளியைப் பிளாஸ்க் இருக்கிற இடத்துக்கு அழையுங்கள். வார்டில் எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கி வருவதற்குள் டியூப் குளிர்ந்துவிடும், அதுவும் மார்கழிக் காலையில்.

எடுத்த ரத்தம் அதே 37 டிகிரியில் ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் உறையட்டும். அவசரப்பட்டு அரைகுறையாக உறைந்ததைச் சுழற்றினால் பின்னால் ஃபைப்ரின் இழை தோன்றி குழப்பும். சென்ட்ரிஃபியூஜில் வெப்பக் கட்டுப்பாடு இல்லையென்றால், டியூப் வைக்கிற உலோகக் குவளைகளை வெந்நீரில் போட்டு 37-க்குக் கொண்டுவந்து, அதில் கொஞ்சம் அதே சூட்டுத் தண்ணீரையும் விட்டு, டியூபை இறக்கி 10 நிமிடம் சுழற்றுங்கள். எதிரெதிர்க் குவளைகளில் தண்ணீர் எடை சமமாக இருக்கட்டும். சீரத்தை வேறு டியூபுக்கு மாற்றி, சிவப்பணு ஏதும் தெரிந்தால் இன்னொரு முறை சூட்டிலேயே சுழற்றுங்கள்.

இதற்குப் பிறகுதான் ஐஸ் பெட்டி. சீரம் சூட்டில் பிரிந்துவிட்டால் அதன்பின் குளிரால் கெடுதல் இல்லை, குளிரில் வைப்பதுதான் பரிசோதனையே. பிரிப்பதற்கு முன் சூடு, பிரித்த பின் குளிர்.

ஆய்வகத்தில் 4 டிகிரியில் 7 நாள் நிற்க வேண்டும். அதே சீரத்தில் கொஞ்சம் 37-இல் ஒப்பீட்டுக்கு வைத்திருப்போம். இரண்டாம் வகை இரண்டு, மூன்று நாளில் காட்டிவிடும். மூன்றாம் வகை ஏழாம் நாள் வரை காக்க வைக்கும். ஒரே இரவில் பார்த்துவிட்டு இல்லை என்று எழுதுகிற ஆய்வகத்துக்கு அனுப்பிப் பயனில்லை. டியூபை அசைக்காமல் சன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், அரிசி கழுவின தண்ணீர் தெளிந்து அடியில் தங்குமே, அதுபோல வெண்மையாக ஒரு படிவு தெரியும், சாய்த்தால் மெல்லச் சரியும். அதை 37 டிகிரித் தொட்டியில் வைத்தால் கலங்கல் போய், சீரம் பழையபடி தேன் நிறத்தில் தெளிந்துவிட வேண்டும். கரையாமல் நூல்நூலாக நின்றால் அது ஃபைப்ரின், கிரையோகுளோபுலின் இல்லை. கரைந்தால் அளவுக் குழாயில் 4 டிகிரியிலேயே சுழற்றி, படிவு எத்தனை சதவீதம் என்று கிரையோகிரிட் எழுதுவோம். பிறகு குளிர்ந்த சலைனில் மூன்று தரம் கழுவி, கரைத்து, இம்யூனோஃபிக்சேஷன் என்ற புரதம் பிரித்தறியும் சோதனையில் வகை பார்ப்போம். கிரையோகிரிட் 2 சதவீதமாக இருந்தாலும் சிறுநீரகம் மோசமாக இருக்கலாம். எண் சிறியது என்று அலட்சியம் வேண்டாம்.

ரத்த அணுக்கள் எண்ணும் இயந்திரத்தையும் இந்தப் படிவு ஏமாற்றும். துகள்களை வெள்ளையணு என்றோ தட்டணு என்றோ எண்ணிவிடும். வெள்ளையணு காரணமின்றி ஏறியிருந்தால் டியூபை 37-க்குச் சூடாக்கி மறுபடி ஓட்டுங்கள், ஸ்மியர் (கண்ணாடியில் தடவிய ரத்தம்) பாருங்கள்.

மாங்கனிச்சீமை

மேடம், டாக்டர், பொது மக்கள் பக்கத்திலிருந்து இரண்டு கேள்வி. நம்ம ரெண்டு மாவட்டத்துலயும் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணில ஃபுளோரைடு. கிட்னி கெட்டா உடனே தண்ணி மேலதான் பழி போடறாங்க. இதுக்கும் அதுதான் காரணமா? இரண்டாவது, குளிர்ல உறையற புரதம்னா, குளிரால சிறுநீரகத்துக்குள்ள உறையுதா? வெந்நீர் குடிச்சா குறையுமா?

நெஃப்ரோ_கிருஷ்ணகிரி

ரெண்டுமே நோயாளிங்க தினமும் கேட்கிற கேள்வி.

ஃபுளோரைடு பல்லையும் எலும்பையும் கெடுக்கிறது உண்மை. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததே அதுக்காகத்தான், அந்தத் தண்ணியையே குடிக்கட்டும். ஆனா கிரையோகுளோபுலினுக்கும் ஃபுளோரைடுக்கும் சம்பந்தமில்லை. தண்ணி மேல பழி போட்டுட்டு ஹெபடைடிஸ் சி பார்க்காம விட்டா நஷ்டம் நோயாளிக்குத்தான். அந்த வைரஸ் ரத்தத்தோட ரத்தம் கலந்தாத்தான் வரும். ஒரே ஊசியைப் பல பேருக்குப் போடறது, திருவிழாவுல ஒரே ஊசியில பச்சை குத்தறது, சவரக் கத்தி, பரிசோதிக்காத காலத்துல ஏத்தின ரத்தம், சுத்தம் தவறின டயாலிசிஸ். சோறு தண்ணி பகிர்ந்துக்கறதால வராது.

குளிர் விஷயத்துல தோலும் சிறுநீரகமும் வேற வேற. கால்ல ரத்தம் தேங்கும், தோல் வெப்பம் 30-க்குப் பக்கத்துல இறங்கும், அதனால புள்ளி அங்க வருது. நாள் முழுக்க நின்னு வேலை பார்க்கறவங்களுக்கு அதிகமாகும். சிறுநீரகம் உடம்புக்குள்ள 37 டிகிரியில உட்கார்ந்திருக்கு, அங்க குளிருக்கு வேலையில்லை. கிளாமெருலஸ் (சிறுநீரகத்தோட நுண் வடிகட்டி) தண்ணியை வடிச்சு எடுக்கிறப்ப உள்ள புரதம் அடர்த்தியாகுது. இந்த ஐஜிஎம் கப்பாவுக்கு மெசாஞ்சியத்துல (வடிகட்டியோட நடுத் தாங்கு திசு) இருக்கிற ஃபைப்ரோனெக்டின்ங்கிற புரதம் மேல ஒட்டற குணமும் உண்டு. அப்படித்தான் அங்க படிஞ்சு, காம்ப்ளிமென்டைக் கிளப்பி, மேக்ரோஃபேஜ்களை (விழுங்கு செல்கள்) இழுத்து வடிகட்டியைச் சிதைக்குது. கம்பளி, காலுறை, வெந்நீர்க் குளியல் எல்லாம் தோலுக்கும் விரலுக்கும் நல்லது. சிறுநீரகத்துக்கு அது மருந்தாகாது.

அங்க தெரியற விளைவு: சிறுநீர்ல நுரை, கண்ணுக்குத் தெரியாத ரத்தம், கால் வீக்கம், மூணு மருந்து கொடுத்தாலும் அடங்காத ரத்த அழுத்தம். பல பேருக்கு மெதுவா நகரும், சிலருக்குச் சில நாள்லயே கிரியேட்டினின் (சிறுநீரகம் வெளியேத்த வேண்டிய கழிவு) ஏறி சிறுநீர் குறைஞ்சுடும். சிறுநீரைப் புதுசா ஒரு மணி நேரத்துக்குள்ள நுண்ணோக்கில பார்க்கணும். வடிவம் கெட்ட சிவப்பணு, சிவப்பணு ஒட்டி உருவான உருளை (காஸ்ட்) தெரிஞ்சா கிளாமெருலஸ் எரியுதுன்னு அர்த்தம். டிப்ஸ்டிக்கோட நிறுத்தாம புரதம்–கிரியேட்டினின் விகிதமும் அனுப்புங்க.

தகடூரான்

கிரையோ ரிப்போர்ட் நெகட்டிவ், ஆனா சி4 3, ஆர்.ஏ. ஃபேக்டர் அதிகம், ஹெபடைடிஸ் சி பாசிட்டிவ், சிறுநீர்ல ரத்தம். சிறுநீரக பயாப்சி (திசு எடுத்துப் பார்க்கிறது) வேணுமா, அப்படியே சிகிச்சையைத் தொடங்கலாமா?

நுண்ணோக்கி

பயாப்சி செய்யுங்கள் டாக்டர். ரத்தப் பரிசோதனை தவறவிட்டதைத் திசு காட்டிக்கொடுக்கும். கிளாமெருலஸ் வீங்கிப் பிரிந்து மெம்ப்ரனோ புரோலிஃபரேட்டிவ் (சவ்வு தடித்து செல் பெருகிய) உருவம், அடித்தளச் சவ்வு இரட்டைக் கோடாக, தந்துகிக்குள் பி.ஏ.எஸ். சாயத்தில் இளஞ்சிவப்பாக அடைத்த 'ஹையலின் த்ராம்பஸ்', நிறைய மேக்ரோஃபேஜ். அந்த த்ராம்பஸ் உண்மையில் ரத்த உறைவு அல்ல, கிரையோகுளோபுலினே. இம்யூனோஃப்ளூரசன்ஸில் (ஒளிரும் சாயச் சோதனை) ஐஜிஎம், ஐஜிஜி, சி3, அதிலும் கப்பா தூக்கலாக இருந்தால் இரண்டாம் வகை. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் வளைந்த குழாய்கள்போல அடுக்கு தெரியலாம்.

திசு அனுப்புவதிலும் ஒரு பிழை அடிக்கடி நடக்கிறது. இரண்டு துண்டையும் ஃபார்மலினில் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். ஃபார்மலினில் போனது வழக்கமான இம்யூனோஃப்ளூரசன்ஸுக்கு உதவாது. ஒரு துண்டு ஃபார்மலின், இன்னொன்று இம்யூனோஃப்ளூரசன்ஸுக்கு மிஷெல் திரவம், ஓர் ஓரத்துச் சிறு துண்டு எலக்ட்ரான் நுண்ணோக்கிக்குக் குளூட்டரால்டிஹைடு. மிஷெல் பாட்டிலைத் திசு எடுக்கும் முன்பே ஆய்வகத்தில் கேட்டு வாங்கி வையுங்கள். அழுத்தம் 140/90-க்குக் கீழ் வராமல் ஊசி போடாதீர்கள். இவர்களுக்கு அழுத்தம் அடங்காது, ரத்தக் கசிவும் கூடும்.

நெஃப்ரோ_கிருஷ்ணகிரி

சிகிச்சைக்கு வருவோம். கிரியேட்டினின் நிலையா இருக்கு, சிறுநீர்ல போற புரதம் நெஃப்ரோடிக் (ரொம்ப அதிகமான) அளவுக்கு இல்லைன்னா, ஹெபடைடிஸ் சி மருந்தே முதல் சிகிச்சை. அதோட ரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில் அல்லது டெல்மிசார்டன், இலக்கு 130/80, உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள்ள. தொடங்கி ஒண்ணு, ரெண்டு வாரத்துல பொட்டாசியமும் கிரியேட்டினினும் பாருங்க. கிரியேட்டினின் 30 சதவீதம் வரை ஏறினா பொறுக்கலாம். நம்ம ஊர்ல உப்பு ஒளிஞ்சிருக்கிறது ஊறுகாய்லயும் அப்பளத்துலயும்தான். களி தப்பில்லை, கூடத் தொட்டுக்கற கருவாட்டைத்தான் விடணும். மாம்பழம் பொட்டாசியம் ஏறினவங்களுக்கு மட்டும்தான் தடை, எல்லாருக்கும் இல்லை.

நெஃப்ரோடிக் அளவு புரதம், வேகமா ஏறற கிரியேட்டினின், நரம்பு செயலிழப்பு, ஆறாத புண், இதுல எது இருந்தாலும் வைரஸ் மருந்து மட்டும் போதாது. அது தொழிற்சாலையை மூடும், ஏற்கெனவே எரியற நெருப்பை அணைக்காது. பி-செல்லை அழிக்கிற ரிட்டுக்சிமாப் முதல் தேர்வு: 375 மி.கி. ஒரு சதுர மீட்டருக்கு, வாரம் ஒண்ணு, நாலு வாரம். 160 செ.மீ., 58 கிலோன்னா உடல் பரப்பு 1.6 சதுர மீட்டர், ஒரு டோஸ் 600 மி.கி. ஸ்டீராய்டு: மெத்தில்பிரெட்னிசலோன் 500 மி.கி.-லேருந்து 1 கிராம், மூணு நாள், பிறகு பிரெட்னிசலோன் கிலோவுக்கு 1 மி.கி., வாரங்கள்ல வேகமாக் குறைச்சு. மாசக்கணக்கா இழுத்தா வைரஸுக்குத்தான் தீனி. சைக்ளோஃபாஸ்ஃபமைடு ரிட்டுக்சிமாப் கிடைக்காத, பலிக்காத இடத்துக்கு.

ரிட்டுக்சிமாப்புக்கு முன்னாடி HBsAg (ஹெபடைடிஸ் பி வைரஸோட மேலுறைப் புரதம்) மட்டும் பார்த்தா பத்தாது, ஹெபடைடிஸ் பி கோர் ஆன்டிபாடியும் (பழைய தொற்றையும் காட்டும்) கட்டாயம். கோர் பாசிட்டிவ்னா என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிர் முதல்லயே தொடங்கி, கடைசி டோஸுக்கு அப்புறமும் குறைஞ்சது ஒரு வருஷம் தொடரணும். இல்லைன்னா தூங்கின பி வைரஸ் எழுந்து கல்லீரலையே முடிச்சிடும். வைரஸ் சி மருந்தும் தனியாவே பி-யை எழுப்பும், அதையும் ஞாபகம் வைங்க. காசநோய்ச் சோதனையும் நிமோனியா, ஃப்ளூ தடுப்பூசியும் முன்கூட்டியே.

இன்னொரு ஆபத்து. கிரையோகிரிட் ரொம்ப அதிகமா இருக்கிற இரண்டாம் வகையில ரிட்டுக்சிமாப் போட்ட ஒண்ணு, ரெண்டு நாள்லயே புள்ளி, நரம்பு, சிறுநீரகம் எல்லாம் சேர்ந்து மோசமாகலாம். ரிட்டுக்சிமாப்பும் ஒரு ஐஜிஜிதானே, நோயாளியோட ஐஜிஎம் அதையும் பிடிச்சுப் படிய வச்சிடுது. அப்படிப்பட்டவங்களுக்கு முதல்ல பிளாஸ்மா மாத்தி (ரத்தத் திரவத்தை எடுத்துட்டு வேற திரவம் ஏத்தி) கிரையோகுளோபுலின் அளவைக் குறைச்சுட்டுப் போடறதுதான் பாதுகாப்பு.

அரூர்_டயாலிசிஸ்

பிளாஸ்மா மாற்றத்துல மெஷின் பக்கம் ஒண்ணு சேர்த்துக்கறேன். ஒரு தடவைக்கு 3 லிட்டர் வரைக்கும், வாரம் மூணு, ரெண்டு மூணு வாரம்னு எழுதி வரும். ஃப்ரிட்ஜ்லேருந்து எடுத்த ஆல்புமினையோ பிளாஸ்மாவையோ அப்படியே மாட்டக் கூடாது, 37-க்குச் சூடாக்கணும். திரும்பிப் போற ரத்தக் குழாய்ல வார்மர் கட்டாயம், மெஷின் ஏ.சி.க்கு நேரா நிக்கக் கூடாது. ஃபில்டர் முறையில குழாய் ஆறிட்டா கிரையோகுளோபுலின் ஃபில்டர்லயே படிஞ்சு அழுத்தம் எகிறும், ஃபில்டர் வெளுத்துத் தெரியும், செட்டையே தூக்கிப் போட வேண்டியதுதான். ரிட்டுக்சிமாப் கொடுத்த அன்னைக்கே பிளாஸ்மா மாத்தினா மருந்து கழிவுப் பையில போயிடும். ரெண்டு, மூணு நாள் விடணும்.

ஓசூர்_மருந்தகம்

வைரஸ் மருந்து விவரம். 2018 ஜூலை 28-ல தொடங்கின தேசிய வைரல் ஹெபடைடிஸ் திட்டத்துல மருந்து இலவசம். சிர்ரோசிஸ் (கல்லீரல் சுருக்கம்) இல்லாதவங்களுக்கு சோஃபோஸ்புவிர் 400 மி.கி., டக்லடாஸ்விர் 60 மி.கி., தினம் ஒரு வேளை, 12 வாரம். சிர்ரோசிஸ் இருந்து கட்டுக்குள்ள இருந்தா சோஃபோஸ்புவிர் 400, வெல்படாஸ்விர் 100, 12 வாரம். சிறுநீரக வடிகட்டல் (இ.ஜி.எஃப்.ஆர்.) 30-க்குக் கீழ இருந்தாலும், டயாலிசிஸ்ல இருந்தாலும் சோஃபோஸ்புவிர் கொடுக்கலாம்னுதான் இப்ப வழிகாட்டுது. ரிபாவிரின்தான் சிறுநீரகம் கெட்டவங்களுக்கு ரத்தத்தை உடைச்சு ஹீமோகுளோபினை இறக்கும்.

கடையில பார்த்துக் கேட்க வேண்டியது: காசநோய்க்கு ரிஃபாம்பிசின், வலிப்புக்கு ஃபெனிட்டாயின், கார்பமஸெபின் சாப்பிட்டா இந்த மருந்து ரத்தத்துலயே நிக்காது, சேர்க்கவே கூடாது. இதயத் துடிப்புக்கு அமியோடரோன் இருந்தா சோஃபோஸ்புவிரோட சேர்ந்து துடிப்பு ஆபத்தா குறையும். வெல்படாஸ்விருக்கு வயித்துல அமிலம் வேணும். கேஸ் மாத்திரையைத் தானா வாங்கிப் போடறவங்ககிட்ட இதைக் கட்டாயம் சொல்லணும்.

நெஃப்ரோ_கிருஷ்ணகிரி

நன்றிண்ணா. மாத்திரை முடிஞ்சு 12 வாரம் கழிச்சு ஹெச்சிவி ஆர்.என்.ஏ. (ஹெபடைடிஸ் சி வைரஸோட மரபுப்பொருள்) தெரியலைன்னா வைரஸ் போயிடுச்சு. ஆன்டிபாடி ஆயுசுக்கும் பாசிட்டிவாவே இருக்கும், அதை மறுபடி பார்த்து நோயாளியைப் பயமுறுத்தாதீங்க. வைரஸ் போன பிறகும் பல பேருக்குக் கிரையோகுளோபுலின் மாசக்கணக்கா நிக்கும், சி4-ம் மெதுவாத்தான் ஏறும். குளோன் வைரஸைக் கேட்காம தானே நின்னு பழகிடுது. சி4 குறைவுன்னு மட்டும் பார்த்து ரிட்டுக்சிமாப் போடாதீங்க, சிறுநீரும் கிரியேட்டினினும் சொல்லணும். ஆனா புரதம் மறுபடி ஏறினா, எடை குறைஞ்சா, மண்ணீரலோ நிணக்கட்டியோ தட்டுப்பட்டா லிம்ஃபோமா தேடுங்க.

பாலக்கோடு_லேப்

மேடம், கடைசியா ஒண்ணு. சீரம் பிரிச்சாச்சு, சனிக்கிழமை மதியம். கூரியர் திங்கட்கிழமைதான். ஃப்ரிட்ஜ்ல வச்சு அனுப்பலாமா? அங்க போய்ச் சேர்ந்ததும் வழக்கம்போல சுழற்றிட்டா?

நுண்ணோக்கி

ஃப்ரிட்ஜில் வைக்கலாம் தம்பி, ஃப்ரீசரில் கூடாது. படிவு தோன்றினால் மேலே உள்ளதை மட்டும் ஊற்றி அனுப்பாதீர்கள், முழு டியூபும் போகட்டும். நீங்கள் கேட்டதுபோல அங்கே சுழற்றிவிடுவார்கள் என்பதுதான் என் கவலையும். அதனால் டியூப் மேலேயே ஒட்டுங்கள்: "37 டிகிரியில் பிரித்த சீரம். சுழற்ற வேண்டாம். 4 டிகிரியில் 7 நாள் வைத்துப் பார்க்கவும்." எடுத்த நேரம், பிரித்த நேரம் இரண்டையும் கீழே எழுதுங்கள். போன் செய்து யார் வாங்கிக்கொண்டார்கள் என்றும் கேட்டுவிடுங்கள்.